மூன்றாம் கியரை விட்டு நகராத ஆட்டோமேட்டிக் கார்: உப்புக்காற்று ஊரில் கோளாறு பிடிக்கும் முறை

டிரைவில் போட்டு பிரேக்கை விட்டால் வண்டி நகர்கிறது, ஆனால் தயங்கித் தயங்கி. முப்பது கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் சீராகிறது. அறுபதைத் தொட்டால் இன்ஜின் கதறுகிறது, அடுத்த கியர் விழவில்லை. ரிவர்ஸ் மட்டும் வழக்கம்போல் வேலை செய்கிறது. இந்த நான்கு அடையாளமும் சேர்ந்து வந்தால், "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கியரை மாற்றுவது ஆயில் அழுத்தம். அந்த ஆயிலை எந்த வழியில் விடுவது என்பதை, ஆயில் வழிகள் அடங்கிய வால்வு பாடிக்குள் இருக்கும் சொலினாய்டுகள் (கரண்டில் இயங்கும் சின்ன வால்வுகள்) பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்குக் கரண்ட் கொடுப்பது டிசிஎம் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒரு சென்சாரோ ஒயரோ தப்பான தகவல் தருகிறது என்று தெரிந்தால், டிசிஎம் சொலினாய்டுகளுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். கரண்ட் இல்லாத வால்வு, ஸ்பிரிங் தள்ளுகிற பக்கம் போய் நிற்கும். அந்த நிலையில் எந்த கியர் சேருமோ அதுதான் மிஞ்சும். நான்கு கியர் பெட்டிகளில் அது பெரும்பாலும் மூன்றாவது. ஆறு கியர் பெட்டிகளில் வடிவமைப்பைப் பொறுத்து மூன்று, நான்கு அல்லது ஐந்து. ரிவர்ஸுக்கான ஆயில் வழியைத் திறப்பது லிவரோடு கேபிளால் இணைந்த மேனுவல் வால்வு. அதனால் அது தப்பிக்கிறது. பட்டறைகளில் இதைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். கியர்பாக்ஸ் பெரும்பாலும் உடையவில்லை, உடையாமலிருக்க ஒதுங்கி நிற்கிறது.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கத்து வண்டிகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவால் பலவீனப்பட்டு, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவதே நின்றது. அந்த இரும்பைத் தின்ற காற்றுதான் வாசலில் நிற்கும் காரில் ஒயர் முனைகளைச் சேர்க்கும் கப்ளருக்குள் இருக்கும் மெல்லிய செம்புத் தகட்டையும் தின்கிறது. ஆகவே இந்தக் கரையில் தேடும் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் கியர்பாக்ஸோடும் இணைக்கும் ஒயர்), கப்ளர், சென்சார், சொலினாய்டு, ஆயில். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கிளட்ச் பிளேட்டும் வால்வு பாடியும். வரிசையைத் தலைகீழாக்கினால், ஒரு களிம்பேறிய பின்னைத் துடைக்க வேண்டிய இடத்தில் கியர்பாக்ஸையே பிரித்துப் போட்டிருப்பார்கள்.

பாதி வழியில் மாட்டினால்

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் இது நடந்தால் அங்கேயே நிறுத்தாதீர்கள். இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலம், ஒதுங்க இடம் கிடையாது. ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தி அக்கரைக்கோ மண்டபம் பக்கத்துக்கோ கொண்டுபோய் நிறுத்துங்கள். பார்க்கில் போட்டு, சாவியை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பல வண்டிகளில் டிசிஎம் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் புதிதாகச் சோதித்துப் பார்க்கும். அடுத்து என்ன நடக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்.

ஸ்டார்ட் செய்ததும் எல்லா கியரும் விழுந்து, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மறுபடி மாட்டினால், எங்கோ ஒயரோ கப்ளரோ ஆடுகிறது. நாற்பது நிமிடம் ஓடிச் சூடானதும் மாட்டினால், சூட்டில் அறுந்துபோகும் சொலினாய்டு காயில் (கம்பிச் சுருள்), அல்லது சூட்டில் இளகிய ஆயில் பழைய சீல்கள் வழியே கசிந்து அழுத்தம் குறைவது. மழையிலோ வாட்டர் சர்வீஸ் முடித்து வந்த அன்றோ மட்டும் மாட்டினால் தண்ணீர் புகுந்த கப்ளர். ஸ்டார்ட் செய்த கணத்திலிருந்தே ஒரே கியர் என்றால் முழுதாக அறுந்த இணைப்பு, செத்த சொலினாய்டு, இல்லையென்றால் நிரந்தரக் கோளாறு. எந்த நிலையில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

லிம்ப் மோடில் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டலாம். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூன்றாம் கியரில் நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆயிலைக் கொதிக்க வைக்கும். கருகிய வாடை அடித்தாலும், ரேஸ் ஏறி வேகம் ஏறாமல் வழுக்கினாலும், அடியில் ஆயில் சொட்டினாலும் ஒரு மீட்டர்கூட ஓட்டக் கூடாது.

கட்டி இழுப்பதிலும் ஒரு விஷயம். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் ஆயில் பம்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே பேரிங்கும் கியரும் ஆயில் இல்லாமல் தேயும். முன்சக்கர இழுவை வண்டி என்றால் முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்க வேண்டும். இன்னோவா கிரிஸ்டா போன்ற பின்சக்கர இழுவை வண்டியைத் தட்டு வைத்த ரிக்கவரி வண்டியில் ஏற்றுவதே நல்லது. கயிறு கட்டி இழுக்கும் பழக்கம் மேனுவல் வண்டிகளோடு போகட்டும்.

எந்த கியரில் நிற்கிறது என்று கணக்குப் போடுங்கள்

மாட்டியிருப்பது முதல் கியரா, மூன்றாவதா, ஐந்தாவதா என்று தெரியாமல் மேலே போகக் கூடாது. முதல் கியரில் மாட்டிய வண்டியின் காரணங்கள் வேறு.

டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலும் ஒரு கோடு போடுங்கள். வண்டியை ஒரு சுற்று உருட்டி, டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடம்வரை டேப்பால் அளங்கள். 2.1 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 1,000 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 476 சுற்று. அந்த வேகத்தில் ஆர்பிஎம் முள் 2,600 காட்டினால், 2,600-ஐ 476-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.5. வண்டியின் கையேட்டில் மூன்றாம் கியர் விகிதம் 1.5, ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போகும் முன் வரும் கடைசி கியர் விகிதம்) 3.6 என்று இருந்தால் பெருக்கல் 5.4. ஆக வண்டி மூன்றாவதில் நிற்கிறது. டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாத நேரத்தில் ஆர்பிஎம் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், அதனால் சின்ன வித்தியாசத்துக்குக் கவலை வேண்டாம். வேகத்தை போன் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், ஸ்பீடோமீட்டர் சற்று கூட்டிச் சொல்லும்.

கையேடு இல்லையென்றாலும் ஒன்று தெரிந்துகொள்ளலாம். 30-ல் 1,300, 45-ல் 1,950, 60-ல் 2,600 என்று வேகமும் ஆர்பிஎம்மும் ஒரே விகிதத்தில் ஏறினால் ஒரே கியர்தான், வழுக்கல் இல்லை. 60-ல் வேகம் அப்படியே இருக்க ஆர்பிஎம் 2,600-லிருந்து 3,400-க்குத் தாவினால் அது லிம்ப் மோட் இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால், மின்சாரக் கோளாறா இயந்திரக் கோளாறா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலை மேடு பள்ளம் இல்லாமல் ஓடுகிறது, இந்தச் சோதனைக்கு அப்படிப்பட்ட சமதளம்தான் வேண்டும்.

முதல் கியரில் மாட்டியிருந்தால் முதலில் லிவரைப் பாருங்கள். மேனுவல் அல்லது எல் நிலையில் தட்டிவிட்டு மறந்திருக்கலாம். டேஷில் டி எரிகிறதா, அல்லது லிவர் டியில் இருந்தும் டேஷ் வேறு எழுத்தைக் காட்டுகிறதா? வேறு எழுத்தானால் லிவர் கேபிள் நழுவியிருக்கும் அல்லது கியர்பாக்ஸின் மேல் இருக்கும் பொசிஷன் சுவிட்ச் கெட்டிருக்கும். ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் கிடக்கிறதா? அப்படியானால் வெளியேறும் தண்டின் வேக சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகியுங்கள். வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்றே தெரியாத டிசிஎம் எப்படி அடுத்த கியரைப் போடும்?

லிவரே பார்க்கிலிருந்து வரவில்லை என்றால் அது முற்றிலும் வேறு நோய். பிரேக்கை மிதிக்கும்போது பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்சோ அதன் ஃபியூஸோதான். அதைச் சரிசெய்தால் லிவர் வந்துவிடும்.

பேட்டரியும் எர்த்தும்

கடலோரத்தில் இரண்டு வருடம் நின்ற வண்டியின் பேட்டரி டெர்மினலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி ஏன் முதலில் வருகிறது என்று தெரியும். டிசிஎம் குறைந்த வோல்டேஜைத் தாங்காது. ஸ்கேனரில் பி0562 என்ற கோட் (கோளாறு எண்) வந்தால் மற்றதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 முதல் 12.7 வரை இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5. சில புது வண்டிகளில் பேட்டரி நிறைந்ததும் சார்ஜிங்கைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, அங்கே சற்றுக் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்தது எர்த். மீட்டரை 2 வோல்ட் டிசிக்கு மாற்றி, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனையை கியர்பாக்ஸின் சுரண்டிய அலுமினிய உடம்பில் அழுத்திப் பிடியுங்கள். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் இடையிலான பின்னல் பட்டை உப்பில் அரித்துப்போயிருக்கிறது. வெளியே பளபளவென்றிருந்தாலும் போல்ட்டுக்கு அடியில் வெள்ளை மாவாக இருக்கும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசுங்கள். தேய்த்த பரப்புகளுக்கு இடையில் கிரீஸ் தடவ வேண்டாம்.

டிசிஎம்மின் சொந்த எர்த் ஒயரையும் இதேபோல் அளங்கள். இன்ஜின் ஓடும்போது அங்கே 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கோட் படிப்பது

போனோடு சேரும் சின்ன புளூடூத் ஓபிடி அடாப்டர் (கோட் படிக்கும் கருவி) இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் படிப்பதே அதிகம். அது பி0700 என்று காட்டும். அது ஒரு மணியடிப்பு மட்டுமே. டிசிஎம்மில் ஒரு கோட் இருக்கிறது, போய்ப் பார் என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு பாகம் வாங்கப் போகாதீர்கள். டிசிஎம்மைத் திறந்து படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

பி0705, பி0706 என்றால் பொசிஷன் சுவிட்ச். பி0715 உள்ளே வரும் தண்டின் வேக சென்சார், பி0720 வெளியேறும் தண்டின் வேக சென்சார். பி0750, பி0755, பி0760, பி0765, பி0770 என்று ஐந்தைந்தாக ஏறுபவை ஏ, பி, சி, டி, இ என்ற கியர் மாற்றும் சொலினாய்டுகள். இவற்றின் கடைசி எண்ணைக் கவனியுங்கள், பலர் தவறுவது அங்கேதான். பி0753, பி0758 போல 3-லும் 8-லும் முடிந்தால் மின்சாரக் கோளாறு: ஒயர், கப்ளர், காயில். பி0751, பி0756 போல 1-லும் 6-லும் முடிந்தால் கரண்ட் சரியாகப் போகிறது, ஆனால் கியர் மாறவில்லை: அடைப்பு, சிக்கிய வால்வு, அழுக்கு ஆயில். பி0731 முதல் பி0735 வரை முறையே முதல் கியரிலிருந்து ஐந்தாம் கியர்வரை விகிதம் பொருந்தவில்லை என்பது. அது வழுக்கலைக் காட்டலாம், வேக சென்சாரின் தப்பான கணக்கையும் காட்டலாம். யூ0101 என்றால் டிசிஎம்மோடு பேச்சே அறுந்துவிட்டது. அங்கே முதலில் ஃபியூஸும் எர்த்தும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு கோட் ஒரே நேரத்தில் வந்தால் ஐந்தாறு பாகம் கெட்டதாக நினைக்காதீர்கள். அவை எல்லாம் கடந்துபோகும் ஒரே கப்ளர், ஒரே எர்த், ஒரே ஃபியூஸ் எது என்று தேடுங்கள். கோட்களை அழிக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். கோட் பதிவான நேரத்தின் வேகம், ஆயில் சூடு, வோல்டேஜ் ஆகியவற்றையும் பல ஸ்கேனர் காட்டும், அதையும் எடுங்கள்.

கப்ளர்: இந்தக் கரையின் முதல் குற்றவாளி

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி பத்து நிமிடம் விட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் விரல் கனத்துக்கு ஒயர் கொத்து போய்ச் சேரும் பெரிய வட்டக் கப்ளர்தான் சொலினாய்டுகளுக்குப் போகிறது. பூட்டை அழுத்தி நேராக இழுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பூட்டு உடைந்து பிறகு அதுவே ஆடும். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். பச்சைக் களிம்பு, வெள்ளை உப்புப் பூத்தல், கறுத்த பின், வளைந்த பின், உள்ளே ஒதுங்கிப் போன பின் இவைதான் தேட வேண்டியவை.

உள்ளே சிவப்பு ஆயில் கசிந்திருந்தால் அது வேறு எச்சரிக்கை. கியர்பாக்ஸின் உள் ஒயர்க் கிட்டில் சீல் போயிருக்கிறது. ஒயரின் நூலிழைகள் வழியே ஆயில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊர்ந்து டிசிஎம் கப்ளர்வரை போய்விடும். டிசிஎம் பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். அங்கே ஆயில் இருந்தால் துடைப்பது தற்காலிகம், உள் கிட்டை மாற்றியே ஆக வேண்டும்.

களிம்புக்குக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் நைலான் பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், ரப்பர் சீலை ஊதவைக்கும். உப்புத்தாள் வேண்டாம், பின்னின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த வாடைக் காற்றுக்கே மறுபடி பச்சை பூக்கும். காற்றடித்து முழுக்க உலர்த்துங்கள். பெண் பக்கத்து துளைகளில் பின் தளர்வாக நுழைந்தால் அந்த டெர்மினலை மாற்ற வேண்டும், அழுத்தி நெருக்கி வைப்பது ஒரு மாதம் நிற்காது. மூடும் முன் டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் வளையத்தில் மெல்லியதாகத் தடவுங்கள். கப்ளருக்குள் அப்பி நிரப்பாதீர்கள்.

ஒயர் பச்சையாகி உள்ளே ஓடியிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. களிம்பு தெரிந்த பின்னின் ஒயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலுறைக்குள் நறநறவென்று நொறுங்கினால் செம்பு தூளாகிவிட்டது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, சால்டர் வைத்து, பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டு இணையுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் உப்புத்தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும்.

மீன் கொண்டுபோகும் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தையும் பாருங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து வழியும் உப்புநீர் தரை விரிப்புக்கு அடியில் போய்த் தேங்கும். பல வண்டிகளில் ஒயர்க் கொத்தும் கப்ளரும் அதே தரையில்தான் போகின்றன. விரிப்பைத் தூக்கினால் தெரியும். கருவாட்டு வாடை இருக்கும் வண்டிக்கு எலியும் வரும், கடிபட்ட ஒயர் பெரும்பாலும் பேட்டரித் தட்டுக்கு அடியில் கிடக்கும்.

சொலினாய்டு அளவு

அளப்பதை டிசிஎம் பக்கத்துக் கப்ளரிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து அளந்தால் ஒயரும் கப்ளரும் காயிலும் ஒன்றாகச் சோதிக்கப்படும். அங்கே சரியாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் போகவே தேவையில்லை. அங்கே தப்பாகக் காட்டினால் கியர்பாக்ஸ் கப்ளரைக் கழற்றி, பெட்டியின் பின்னிலேயே அளங்கள். பெட்டியில் சரி, டிசிஎம் பக்கம் தப்பு என்றால் நடுவில் ஒயர். இரண்டிலும் தப்பு என்றால் உள்ளே. எந்த பின் எந்த சொலினாய்டு என்பதற்கு அந்த மாடலின் ஒயரிங் படம் கட்டாயம் வேண்டும். குத்துமதிப்பாக அளந்து பயனில்லை.

ஆன், ஆஃப் மட்டும் செய்யும் கியர் சொலினாய்டு பொதுவாக 20 டிகிரி செல்சியஸில் 11 முதல் 16 ஓம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் லீனியர் சொலினாய்டு பொதுவாக 4 முதல் 6 ஓம் அளவில். சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதையே நம்புங்கள். எல்லையில்லா ஓம் என்றால் காயில் அறுந்திருக்கிறது. ஒரு ஓமுக்கும் கீழ் என்றால் உள்ளே ஒட்டிக்கொண்டது. சூடான பெட்டியில் அளவு கூடுதலாகக் காட்டுவது இயல்பு. சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால் ஆறிய வண்டியில் அளந்து ஏமாறாதீர்கள், ஓடி வந்த கையோடு அளங்கள்.

ஆன்-ஆஃப் சொலினாய்டைக் கழற்றிய நிலையில் 12 வோல்ட்டை ஒரு நொடி தொட்டால் டிக் என்று சத்தம் வர வேண்டும். லீனியர் சொலினாய்டுக்கு ஒருபோதும் நேரடியாக 12 வோல்ட் கொடுக்காதீர்கள், காயில் எரிந்துவிடும். நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வைத்துத்தான் தொட வேண்டும்.

வேக சென்சாரில் இரண்டு ஒயர் வகையை ஓம் மீட்டரால் அளக்கலாம், பல வகைகளில் சில நூறு ஓம் காட்டும். மூன்று ஒயர் வந்தால் அது ஹால் வகை; ஓம் அளந்து எதுவும் தெரியாது. சப்ளை வோல்டேஜ் வருகிறதா, எர்த் இருக்கிறதா, வண்டி உருளும்போது ஸ்கேனரில் எண் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஆயில் சொல்வது

டிப்ஸ்டிக் உள்ள பழைய வண்டி என்றால் சுலபம். இன்றைய பல பெட்டிகளில் டிப்ஸ்டிக் இல்லை. அடியில் ஒரு அளவு பிளக் இருக்கும், குறிப்பிட்ட சூட்டில் அதைத் திறந்தால் ஆயில் மெல்லிய நூலாக வழிய வேண்டும். பல டொயோட்டா பெட்டிகளில் அந்தச் சூடு ஏறக்குறைய 40 டிகிரி. பல ஹூண்டாய் ஆறு கியர் பெட்டிகளில் 50 முதல் 60. இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வரும். மே மாதம் மதியம் தார்ச்சாலையில் நின்ற வண்டியின் ஆயில் ஸ்டார்ட் செய்யும் முன்பே 40-ஐ ஒட்டியிருக்கும், லிவரை ஒவ்வொரு நிலைக்கும் மாற்றி முடிப்பதற்குள் தாண்டிவிடும். சூட்டில் விரிந்த ஆயில் கூடுதலாக வழிந்து, பெட்டியில் அளவு குறைந்துபோகும். விடியற்காலையில், ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்தபடி, சமதளத்தில் அளவு பாருங்கள்.

ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் வயது. கருமையும் கருகிய வாடையும் என்றால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது, கப்ளரைத் துடைத்துச் சரியாகாது. ரோஸ் மில்க் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் வந்திருக்கலாம், அல்லது மூச்சுக்குழல் வழியே வெளித்தண்ணீர் இழுத்திருக்கலாம். தண்ணீர் பட்டால் கிளட்ச் பிளேட்டின் காகிதப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை இளகும். அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆயில் மாற்றும்போது ஒரே தடவையில் வடிவது பொதுவாக மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கும். அழுக்கு ஆயிலை முழுக்க மாற்ற இரண்டு மூன்று முறை வடித்து ஊற்ற வேண்டும். கையேடு சொல்லும் ரகத்தைத் தவிர வேறு ஊற்றக் கூடாது. டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹூண்டாய் ஆறு கியர் பெட்டியின் எஸ்பி-4, சிவிடிக்கான (கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் பெட்டி) ஆயில் இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தட்டு) கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். மை போன்ற சாம்பல் பசை இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக உலோகச் சில்லுகளோ மஞ்சள் நிறத் துணுக்குகளோ இருந்தால் பெட்டியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

தனுஷ்கோடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017-ல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்தபின் எல்லா வண்டியும் போகிறது, போட்டோவுக்காக மணலில் இறங்கவும் செய்கிறது. மணலில் புதைந்த ஆட்டோமேட்டிக்கை ரேஸ் கொடுத்துக் கிளப்பாதீர்கள். ஒரு நிமிடச் சுழற்சியிலேயே கன்வெர்ட்டர் ஆயில் சூடு எகிறும், டிசிஎம் லிம்ப் மோடுக்குப் போகும். அணைத்து ஆறவிட்டு, டயர் காற்றைக் குறைத்து, மணலைத் தோண்டி, வெளியே இருந்து இழுத்தெடுங்கள். காற்றைத் திரும்ப நிரப்பாமல் வேகமாக ஓட்ட வேண்டாம். அலைத்தண்ணீர் சக்கரத்தின் நடு உயரத்தைத் தொட்டிருந்தால் ஆயிலைப் பார்க்காமல் வீடுவரை ஓட்டாதீர்கள். வீடு வந்ததும் அடிப்பகுதியைக் கழுவுங்கள், ஆனால் நல்ல தண்ணீரில். நம் பக்கத்துப் பல போர்த் தண்ணீர் தானே உவர்ப்பு, அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. பிரஷர் துப்பாக்கியைக் கப்ளர் பக்கம் நேராகக் காட்டாதீர்கள்.

மற்ற வகைப் பெட்டிகள்

மேலே சொன்னவை டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கு. 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவலான ஏஎம்டி உண்மையில் மேனுவல் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் ஒரு இயந்திரக் கை இயக்குகிறது. அந்தக் கை ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் சின்னதாக ஒரு பம்ப் உறுமும். அது கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் என்று போங்கள். அடிக்கடி உறுமினால் அழுத்தம் எங்கோ கசிகிறது, அதன் சிறிய டேங்கில் ஆயில் அளவைப் பாருங்கள். கிளட்ச் மாற்றியபின் ஸ்கேனரால் புதிய கிளட்சைப் பழக்கவில்லை என்றாலும் கியர் மாட்டும்.

இரட்டைக் கிளட்ச் பெட்டியில் அடையாளம் தெளிவு. ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படை இன்னொன்றில். 1, 3, 5 மட்டும் விழுகிறது, அல்லது 2, 4, 6 மட்டும் விழுகிறது என்றால் ஒரு பக்கக் கிளட்சோ அதை இயக்கும் பகுதியோ நின்றிருக்கிறது. சிவிடியில் கியரே கிடையாது. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பெல்ட் வழுக்குகிறது, உடனே நிறுத்துங்கள். அந்த வழுக்கல் புல்லியைக் கீறிவிட்டால் பெட்டியே போய்விடும்.

சரிசெய்தபின்

மின்பக்கம் முழுக்கச் சரியாக இருந்தும் 1-லும் 6-லும் முடியும் கோட் திரும்பத் திரும்ப வந்தால், அழுத்த கேஜ் மாட்டி லைன் பிரஷர் (பெட்டிக்குள் ஓடும் ஆயிலின் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். கேஜ் இல்லாத பட்டறை வால்வு பாடியை மாற்றச் சொன்னால் அது ஊகம். ஸ்டால் சோதனை (பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியரில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பது) வீட்டில் வேண்டாம். பட்டறையிலும் ஐந்து நொடிக்கு மேல் போகக் கூடாது.

கோட்களை அழித்து, பேட்டரி கழற்றியதால் மறந்துபோன பழைய பழக்கத்தை டிசிஎம் மறுபடி கற்க விடுங்கள். சில மாடல்களுக்கு ஸ்கேனரில் தனிச் செயல்முறை உண்டு. மற்றவற்றில் முதல் இருபது முப்பது கிலோமீட்டர் கியர் சற்று இடித்து விழும், மென்மையாக ஓட்டினால் தணியும். ஆறிய நிலையில் ஒரு சுற்று, நன்றாகச் சூடானபின் ஒரு சுற்று, வேகத்தடையும் பள்ளமும் உள்ள உள்தெருவில் ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் டிசிஎம்மில் காத்திருக்கும் கோட் ஏதும் பதிந்திருக்கிறதா என்று படியுங்கள். மூன்று சுற்றிலும் காலியாக இருந்தால் கழற்றிய கப்ளர்களின் பூட்டு முழுக்க விழுந்திருக்கிறதா என்று கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அடிக் கவரை மாட்டுங்கள். வாடைக் காலம் முடிந்ததும், தை மாதத்தில், அதே கப்ளரையும் அதே எர்த் போல்ட்டையும் திறந்து பாருங்கள்.